கோபாலகிருஷ்ண பாரதியாரும் நம் காரைக்காலும்

விழா மலரில் நம் பங்கின் வரலாற்றோடு, இவ்வூரோடு தொடர்புடைய ஓர் இசைப் பெரியாரின் வாழ்வையும் சொல்ல விரும்புகிறோம். அவர் நம் மறையினர் அல்லர், சிவபக்தர். ஆயினும் அவருடைய பெரும்படைப்பு நூலுருப் பெறக் காரைக்கால் துணைநின்றது என்பது நம்மவருள் பலர் அறியாத செய்தி.

நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியாரே அவர். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில் (பிற்காலத்தில் எண்ணெய்க் கிணறுகளால் பெயர்பெற்ற அதே ஊர்தான்) இசைவாணர் குடும்பத்தில் பிறந்தார். வீட்டில் கேட்ட இசையே முதற்பாடம். பின்னர் முடிகொண்டானிலும் ஆனந்ததாண்டவபுரத்திலும் வாழ்ந்தார். மாயூரத்தில் கோவிந்த சிவத்திடம் வேதாந்தமும், திருவிடைமருதூரில் இராமதாசரிடம் இந்துஸ்தானி இசையும் கற்றார். மணம் செய்துகொள்ளவில்லை. திருவையாற்றில் தியாகையரைக் காணச் சென்றவர், அங்கே சீடர்கள் ஆபோகி இராகத்தில் பாடக் கேட்டு, அதே இராகத்தில் தமிழ்க் கீர்த்தனை ஒன்று செய்தார் என்று இசையுலகில் சொல்வதுண்டு.

பெரியபுராணத்தில் நந்தனார் கதை சிறியது. அதில் பண்ணையார் கிடையாது. வேதியர் ஒருவரைப் பண்ணையாராகப் படைத்தவர் பாரதியாரே. சிதம்பரம் போக உத்தரவு கேட்டு நிற்கும் கூலியாளிடம், நாற்பது வேலியையும் பயிரிட்டு அறுத்தபின் போ என்கிறார் அவர். நடவும் அறுப்பும் அறிந்த நமக்கு அக்கட்டத்தை விளக்க வேண்டியதில்லை. நந்தனார் தீயில் மூழ்கி எழுந்த பிறகே சந்நிதி காண்கிறார் என்ற பழைய முடிவைப் பாரதியார் மாற்றவில்லை. அது நம் நெஞ்சை உறுத்தவே செய்கிறது. ஆனால் பிறரைக் குறைசொல்லும் முன், நம் பகுதி ஆலயங்களிலும் ஒருகாலத்தில் சாதிக்கொரு இடம் இருந்ததை நாம் மறைத்தலாகாது.

இக்கதை காலட்சேபமாக ஊரூராய்ப் பரவியது. அப்போது காரைக்காலில் பிரெஞ்சு அதிகாரியாயிருந்த சிசே என்பவர் இதில் ஈடுபாடுகொண்டு, அச்சிட முன்வந்தார். நூலுக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டி, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைப் பாரதியார் நாடினார். இலக்கணப் பிழைகள் மலிந்த பாட்டுக்குப் பாயிரம் தர அவர் மனம் ஒப்பவில்லை. பலமுறை நடந்தும் பயனில்லை. ஒருநாள் பிள்ளை உள்ளே ஓய்வுகொண்டிருக்க, வெளித்திண்ணையில் காத்திருந்த பாரதியார் தம்மை மறந்து நந்தன் பாட்டைப் பாடலானார். உள்ளே கேட்டிருந்த புலவரின் கண்கள் நனைந்தன. பாயிரம் கிடைத்தது, 1860-களின் தொடக்கத்தில் நூலும் வெளிவந்தது.

மாயூரத்தில் முன்சீபாயிருந்த நம் கத்தோலிக்கப் பெருமகன் வேதநாயகம் பிள்ளை பாரதியாருக்கு நண்பர். 1876-78 பஞ்சத்தில் அவர் ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்த கொடையைப் பாரதியார் கீர்த்தனையாகவே பாடினார். காரைக்கால் அம்மையார் சரித்திரமும் பாரதியார் இயற்றியதே.

முதுமையில் மாயூரத்தில் தம்மிடம் வந்தவர்களுக்கு இசை கற்பித்தார். 1871-இல் தமிழ் படிக்க மாயூரம் வந்த இளைஞர் சாமிநாதனும் அவரிடம் சிலகாலம் பாடம் கேட்டார். இசையில் மனம் போனால் இலக்கணம் ஏறாது என்று மீனாட்சிசுந்தரம் பிள்ளை எண்ணியதால் அப்பாடம் நின்றது. அந்த மாணவரே பிற்காலத்து உ.வே. சாமிநாதையர். தாம் பாதியில் விட்ட ஆசானின் வாழ்வை அவர் 1936-இல் தனி நூலாக எழுதினார்.