பழைய தாளோடு ஒட்டிய புதிய தாள்

நூற்றாண்டு மலரொன்றில் அமெரிக்க ஓவியர் ஒருவருக்கு என்ன இடம் என்று எம் சகோதரிகள் சிலர் கேட்கக்கூடும். சார்ள்ஸ் பர்ச்ஃபீல்டுக்கும் நம் நாட்டுக்கும் தொடர்பேதும் இல்லை. ஆனால், பள்ளிப் பருவத்தை அடுத்த ஆண்டுகளில் தீட்டியவற்றை ஐம்பதாவது வயதில் மீண்டும் கையில் எடுத்து, அவற்றையே பெருக்கி வளர்த்தவர் அவர். பழைய கொப்பிகளை எறிய மனமின்றி வைத்திருக்கும் எம்மைப் போன்றோர் அறிந்திருக்க வேண்டிய ஒரு வாழ்வு அது.

1893இல் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தார். ஐந்து வயதாகுமுன்பே தந்தை இறந்துவிட, ஆறு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு தாயார் சேலம் என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார். (பெயரைப் பார்த்துத் தமிழ்நாட்டுச் சேலம் என எண்ணிவிட வேண்டாம்.) அவ்வூரின் வயல்வெளிகளும் சதுப்பும் மரக்கூட்டங்களுமே சிறுவனின் உலகமாயின. பள்ளியில் வகுப்பின் முதல் மாணவனாகத் தேறினார். பின் கிளீவ்லண்ட் ஓவியக் கல்லூரியில் நான்கு ஆண்டுகள் பயின்று 1916இல் வெளியேறினார். நியூயோர்க்கில் மேற்படிப்புக்குப் புலமைப்பரிசில் கிடைத்தது. போனார், ஒரே நாள் வகுப்போடு அதை விட்டார். சில வாரங்களில் ஊர் திரும்பிவிட்டார். பெருநகரில் பெயரெடுக்கப் புறப்பட்ட பிள்ளை இப்படித் திரும்பி வந்தால் நம் ஊரில் என்ன பேசுவார்கள் என்பது நமக்குத் தெரியும்.

சேலத்தில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பகுதியில் வேலை. மதிய உணவு வேளையிலும், மாலையிலும், விடுமுறை நாட்களிலும் ஓவியம். அந்த 1917ஆம் ஆண்டைப் பின்னாளில் தம் வாழ்வின் பொன்னான ஆண்டாக அவர் கருதினார். கண்ணுக்குத் தெரிவதை மட்டுமன்றிக் காதுக்குக் கேட்பதையும் தாளில் கொண்டுவர முயன்றார். ஆவணி மாதத்து வெயிலில் பூச்சிகள் இரையும் ஓசையை வளைவுகளாகவும் கூர்முனைகளாகவும் செடிகளுக்கிடையே வரைந்தார். பயம், மனச்சோர்வு போன்ற உணர்வுகளுக்கெனத் தனித்தனி உருக்கோலங்களை வகுத்துக் கொப்பியொன்றில் பதிந்து வைத்தார். மாரிக்கால இரவில் ஒலிக்கும் தேவாலய மணியை அவர் தீட்டிய படத்தில், சிறு பிள்ளையை நடுங்க வைக்கும் அந்த ஓசையே கோபுரமாகி நிற்கிறது. இருபத்துநான்கு வயது இளைஞர் தனியே கண்டுபிடித்த மொழி இது.

பிறகு வாழ்க்கை தன் வேலையைக் காட்டியது. இராணுவத்தில் சில மாதங்கள். 1921இல் பஃபலோ நகரில் சுவர்த்தாள் உற்பத்தி செய்யும் நிறுவனத்தில் வடிவமைப்பாளர் பதவி. 1922இல் பேர்த்தாவோடு திருமணம். அடுத்தடுத்து ஐந்து பிள்ளைகள். வீட்டுச் சுவர்களில் ஒட்டும் தாளுக்குப் பூவும் கொடியும் வரைந்து குடும்பத்தைக் காப்பாற்றினார். எஞ்சிய நேரத்தில் தீட்டிய படங்களும் மாறின. பழுதடைந்த மரவீடுகள், புகைவண்டிப் பாலங்கள், மழையில் நனைந்த தொழிற்சாலைத் தெருக்கள் என்று கனமும் இருளும் கொண்ட படங்கள். அவை விலை போயின, புகழும் தந்தன. 1929இல் வேலையை உதறிவிட்டு ஓவியத்தையே தொழிலாகக் கொண்டார். சில மாதங்களில் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது! ஐந்து பிள்ளைகளோடு அந்தப் பஞ்சக் காலத்தைப் பேர்த்தா எப்படிச் சமாளித்தார் என்பதை எழுத ஒரு தனி மலர் வேண்டும். ஓவியரின் வரலாறுகளில் அவருக்குக் கிடைப்பது சில வரிகளே.

1930இல், திறந்து ஆறு மாதமும் ஆகாத நியூயோர்க் நவீன கலை நூதனசாலை அவருடைய கண்காட்சியை நடத்தியது. அங்கு வைக்கப்பட்டவை அவர் அப்போது வரைந்துகொண்டிருந்த படங்கள் அல்ல. 1916 முதல் 1918 வரையான இளமைக் கால நீர்வர்ணங்கள். பாராட்டுத்தான். ஆயினும் முப்பத்தேழு வயதில், தம் ஆகச் சிறந்த படங்களை எப்போதோ தீட்டி முடித்துவிட்டோமா என்ற கேள்வியையும் அது ஓர் ஓவியர் முன் வைக்கத்தானே செய்யும்?

விடை 1943இல் வந்தது. 1917இல் தொடங்கிய ஒரு கருவை அவர் மீண்டும் எடுத்தார். காட்டுப் பள்ளத்தில் பனி உருகி ஓடையாகி, குளிர்காலத்துக்குள் இளவேனில் நுழையும் வேளை. 'இளவேனிலின் வருகை' என்ற பெயரில் அவ்வாண்டே அதை முடித்தார். அதே ஆண்டில் நியூயோர்க் மெற்றோபொலிற்றன் நூதனசாலை அதை வாங்கியது. அதன்பின் பழைய படங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். சிறிய பழைய தாளை வைத்து, அதைச் சுற்றிப் புதிய தாள்களை இணைத்து, இளைஞர் விட்ட இடத்திலிருந்து முதியவர் தொடர்ந்தார். 1918இல் தொடங்கிய 'சூரியனும் பாறைகளும்' 1950இல் நிறைவுற்றது. 1917இல் தொடங்கிய 'தந்தியின் பாட்டு' முடிய 1952 ஆயிற்று. 'நான்கு பருவங்கள்' 1949 முதல் 1960 வரை எடுத்தது. நாலரை அடிக்கு மேல் உயரம். முன்னே உறைபனி; உள்ளே போகப் போகப் பருவங்கள் மாறுகின்றன.

நீர்வர்ணத்தை இப்படித் திருத்தலாமா? சித்திர வகுப்பில் நாம் கற்றது வேறு. தாளைப் படுக்க வை, நிறத்தை ஓடவிடு, காய்ந்தபின் தொடாதே என்பார்கள். பர்ச்ஃபீல்டோ எண்ணெய் வர்ணக்காரர் போலத் தாளைச் சட்டகத்தில் நிறுத்தி, ஈரம் குறைந்த தூரிகையால் மேலும் மேலும் தீட்டினார். அதனாலேயே முப்பது ஆண்டு கழித்தும் அவரால் பழைய படத்துக்குள் நுழைய முடிந்தது. இளமைப் படங்களின் துணிவு எமக்கு அதிகம் பிடிக்கும் என்பதை மறைக்கவில்லை. ஆனால் ஒளி நடுங்கும் அந்தப் பிற்காலக் காடுகளை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார்.

1966 டிசம்பரில் பஃபலோவின் அரச கல்லூரியில் அவர் பெயரில் ஓவிய நிலையம் திறக்கப்பட்டது. 1967 ஜனவரி 10ஆம் திகதி அவர் காலமானார். ரொறன்ரோவிலுள்ள எம் சகோதரிகளுக்கு அந்நகர் ஏறக்குறைய இரண்டு மணி நேர ஓட்டம். நயாகரா பார்க்க வரும் விருந்தினரை அப்படியே அங்கும் கூட்டிச் செல்லலாம். நீர்வர்ணங்கள் வெளிச்சத்தில் மங்கும் என்பதால் எல்லாப் படங்களையும் எப்போதும் வெளியே வைப்பதில்லை. விசாரித்துவிட்டுப் போவது நல்லது. வளர்த்த படம் ஏதேனும் கண்ணில் பட்டால் சற்று அருகே சென்று பாருங்கள். தாளோடு தாள் சேரும் கோடு சில இடங்களில் தெரியும்.