விளக்கு மட்டுமா? கணக்கும்தான்!



ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல்னு சொன்னதும் என்ன ஞாபகம் வரும்? கையில் ஒரு விளக்கு! கைவிளக்கு ஏந்திய காரிகைன்னு எல்லாரும் படிச்சிருக்கோம். ஆனால் அவர் பெரிய கணக்குப் புலி, அந்தக் கணக்கில் நம்ம சென்னையும் இருந்தது. இது தெரியுமா?

1820 மே 12-ல் இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரில் பிறந்தார். ஊர்ப் பெயரே அவர் பெயரானது. வசதியான ஆங்கிலேயக் குடும்பம். சின்ன வயசிலேயே கணக்குன்னா அவருக்கு உயிர். (நம்மில் பலருக்கு உயிர் போகும்!) நர்ஸ் வேலைக்குப் போகிறேன் என்றதும் வீட்டில் பயங்கர எதிர்ப்பு. அவர் விடவில்லை.

1854-ல் கிரிமியப் போர். 38 செவிலியருடன் துருக்கியில் உள்ள ஸ்கூட்டாரி மருத்துவமனைக்குப் போனார். 1855 பிப்ரவரியில் அங்கே நோயாளிகளில் 100-க்கு சுமார் 42 பேர் இறந்தார்கள். சாக்கடையைச் சுத்தம் செய்து, காற்றோட்டம் வரவழைத்த பிறகு ஜூனில் அது சுமார் 2 ஆகக் குறைந்தது! ஊர் திரும்பிக் கணக்குப் பார்த்தால், குண்டடி பட்டு இறந்தவர்களைவிட நோயில் இறந்தவர்களே பல மடங்கு. மந்திரிகளுக்குப் பார்த்ததுமே புரியட்டும் என்று அதை 1858-ல் வண்ணப் படமாகவே வெளியிட்டார்.

அடுத்தது இந்தியா. அப்போது அவருக்கு உடம்பு சரியில்லை. படுக்கையில் இருந்தபடியே இங்குள்ள ராணுவ முகாம்களுக்கெல்லாம் கேள்வித்தாள் அனுப்பவைத்தார். தண்ணீர் எங்கிருந்து வருது? சாக்கடை எங்கே போகுது? எத்தனை பேருக்கு நோய்? சென்னையிலிருந்தும் பதில் போனது. 1863-ல் அறிக்கை வந்தது. ஆங்கிலேயச் சிப்பாய்களில் ஆண்டுக்கு 1000-க்கு 69 பேர் இறந்துகொண்டிருந்தார்கள். அடுத்த வருஷமே சென்னை, வங்காளம், பம்பாய் மாகாணங்களில் சுகாதாரக் கமிஷன்கள் அமைந்தன. 1873-க்குள் 69 என்பது 18 ஆனது.

அப்போ ஊர் ஜனங்க? முதலில் எண்ணப்பட்டது சிப்பாய்களின் உயிர்தான். 1872-ல் செங்குன்றம் ஏரித் தண்ணீர் சென்னைக்கு வந்தது. ஆனால் சாக்கடைத் திட்டம் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. 1875-ல் கவர்னர் ஹோபார்ட் பிரபுவே சென்னையில் டைபாய்டு வந்து இறந்தார். கவர்னருக்கே அந்தக் கதின்னா, ராயபுரத்துக் குடிசைக்கு? 1876-78 பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் மடிந்தபோது, நைட்டிங்கேல் நம் மக்களின் சாவுக்கும் கணக்குக் கேட்டுப் பத்திரிகையில் எழுதினார்.

1910 ஆகஸ்ட் 13-ல், 90-வது வயதில், லண்டனில் காலமானார். கடைசிவரை இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்லை!

நாம இங்கேயே இருக்கோம். 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்ததையும், 26-ம் தேதி ராத்திரி பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து ஜனங்க வீட்டை விட்டு ஓடியதையும் மறக்க முடியுமா? பெரிய மெஷின் எல்லாம் நம்மகிட்ட இல்லை. ஆனால் ஒரு நோட்டு இருக்கு. இன்னிக்கு என்ன நாத்தம், காற்று எந்தப் பக்கத்திலிருந்து, வகுப்பில் எத்தனை பேருக்கு இருமல், எத்தனை பேர் லீவு? தேதி போட்டு, உள்ளதை உள்ளபடி தினமும் எழுதலாமே! வாயால் சொன்னால் மறந்துபோகும். எழுதி வைத்த கணக்கை யாரும் இல்லைன்னு சொல்ல முடியாது.

யார் ரெடி? 10-ம் வகுப்பு 'ஆ' பிரிவில் நோட்டு காத்திருக்கு!