அழகப்பர் போட்ட கணக்கு

போக்கர்ல ஒரு கணக்கு இருக்கு. நடுவுல 80 ரூபாய் கிடக்குது. தொடர்ந்து ஆட நீங்க 40 போடணும். உங்களுக்கு வேண்டிய சீட்டு வர ஐந்தில் ஒரு வாய்ப்புதான். இப்போதைக்குப் பார்த்தா நஷ்டம். ஆனா சீட்டு வந்த பிறகு எதிராளிகிட்ட இன்னும் 80-க்கு மேல வாங்க முடியும்னா, போடலாம். இதுதான் இம்ப்ளைடு ஆட்ஸ். தலைகீழாவும் நடக்கும்: கேட்ட சீட்டு வரும், எதிராளி கை அதைவிடப் பெருசா இருக்கும். ஜெயிச்சிட்டோம்னு நம்பி இன்னும் அதிகமா இழப்பீங்க. அது ரிவர்ஸ் இம்ப்ளைடு ஆட்ஸ்.

இது ரெண்டும் புரியணும்னா சீட்டுக்கட்டு வேண்டாம், அழகப்ப செட்டியார் வாழ்க்கை போதும்.

1909 ஏப்ரல் 6-ல் காரைக்குடி பக்கம் கோட்டையூரில் பிறந்தார். ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ., லண்டனில் பாரிஸ்டர் படிப்பு, விமானம் ஓட்டவும் பயிற்சி. துணி ஆலை, ரப்பர்னு பல தொழில் செய்தார். ஜூபிடர் ஏர்வேஸ்னு விமானக் கம்பெனியும் நடத்தினார். கேட்ட சீட்டு வந்தது, விமானங்கள் பறந்தன. ஆனாலும் கம்பெனி நீடிக்கலை.

1947-ல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். அடுத்து, மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்க வரணும்னு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டினார். யோசிச்சுப் பாருங்க: சின்ன ஊர், வறண்ட பூமி. விஞ்ஞானிகள் வந்து தங்கலைன்னா, கட்டடம் எழும்பினதே சுமையாகியிருக்கும். 1952-ல் பொறியியல் கல்லூரி, 1953-ல் ஆய்வகத் திறப்பு. 1957 ஏப்ரல் 5, 48 வயசு நிறைய ஒரு நாள் இருக்கும்போது அழகப்பர் காலமானார்.

பெரிய வரவு அதுக்கப்புறம்தான் வந்தது. காரைக்குடிக்குப் பக்கத்துல இருக்கிற குன்றக்குடியில், 1970-களில் அடிகளார் கிராமத் திட்டத்தைத் தொடங்கினப்போ, சிக்ரி விஞ்ஞானிகள்தான் தொழில்நுட்பத்தோட துணைக்கு வந்தாங்க. ஒரு கிராமம் தன் திட்டத்தைத் தானே போட்டுக்கிற அந்த முயற்சியை நாடே கவனிச்சது. 1985-ல் அழகப்பா பல்கலைக்கழகமும் வந்தது.

போக்கர்ல பின்னாடி வர்ற காசு, போட்டவர் கைக்கே வரணும். இல்லைன்னா கணக்கு தப்பு. அழகப்பர் அந்த ஒரு விதியை மட்டும் எடுத்துட்டார். வரவு யார் கைக்குப் போனாலும் லாபம்னே எழுதிக்கிட்டார். அடுத்த முறை குன்றக்குடி மலை ஏறினா, கீழ இருக்கிற ஊரையும் பாருங்க. அந்த வரவுல ஒரு பங்கு அங்கதான் இருக்கு.