கொலாஜன் முறுக்கை அவிழ்த்த சென்னை விஞ்ஞானி... யார் இந்த ஜி.என்.ராமச்சந்திரன்?

தோல், தசைநாரில் இருக்கும் கொலாஜன் இழையை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் அப்படியே வைத்தால் மங்கலாத்தான் தெரியும். டங்ஸ்டன் கலந்த பாஸ்போடங்ஸ்டிக் அமிலத்தில் தோய்த்தால் வரி வரியாகக் கோடுகள் தெரியும். ஆனால், உள்ளே என்ன இருக்கு?

விடை சொன்னவர், 1922-ல் எர்ணாகுளத்தில் பிறந்த தமிழர் ஜி.என்.ராமச்சந்திரன், சி.வி.ராமனின் மாணவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்து, காஞ்சிப் பட்டு நூல்போல மூன்று சங்கிலிகள் முறுக்கியதே கொலாஜன் என 1954-ல் கோபிநாத் கர்த்தாவுடன் அறிவித்தார்.

அணுக்கள் இவ்வளவு நெருங்காது என பிரான்சிஸ் கிரிக் தரப்பு மறுத்தது. அவர் விடலை. எவ்வளவு நெருங்கலாம் என்று கணக்குப் போட்டார். அதிலிருந்து வந்ததுதான் 1963-ன் ராமச்சந்திரன் வரைபடம்.

எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் படங்களிலிருந்து முப்பரிமாண உருவம் எடுக்கும் கணிதத்தையும் 1971-ல் தந்தார். 2001-ல் சென்னையில் மறைந்தார். நோபல் கிடைக்கலை, ஆனால் புரத வடிவத்தைச் சரிபார்க்க உலகமே இன்றும் அவர் வரைபடத்தைத்தான் பார்க்கிறது.