12 படுக்கைகளில் தொடங்கியது

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதே அபூர்வமாக இருந்த காலத்தில், மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்து 1912-ல் டாக்டரானார். 1927-ல் சென்னை மாகாணச் சட்டசபையில் நுழைந்த முதல் பெண்ணும் அவர்தான்.

அவர் தங்கைக்கு வயிற்றுக்கடுப்புன்னு நினைச்சுத்தான் வைத்தியம் நடந்தது. புற்றுநோய்னு தெரியவந்தப்போ காலம் கடந்துபோச்சு. டாக்டர் வீட்டிலேயே இந்த நிலைமைன்னா, ஏழைகள் கதி என்ன? தென்னிந்தியாவில் இந்த நோய்க்கென்று தனி மருத்துவமனையே அன்று கிடையாது.

அதை விதின்னு அவர் விட்டுடலை. 1935-லிருந்து மருத்துவமனை வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மாதர் சங்கத்தோடு சேர்ந்து நிதி திரட்டினார். 1954-ல், அவருடைய 67-வது வயதில், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு திறந்தது. பணம் இல்லாதவர்களுக்கும் அங்கே சிகிச்சை கிடைத்தது. 1968-ல் அவர் மறைந்தார். மருத்துவமனை இன்றும் இயங்குகிறது.

நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஜூரோங் ஈஸ்ட் எம்ஆர்டி பக்கத்திலேயே மருத்துவமனை இருக்கு. ஆனா, அங்கே போகத் துணையில்லாத தாத்தா பாட்டிங்க நம்ம புளோக்கிலேயே இருக்காங்க. அப்பாயின்ட்மென்ட் நாளில் அவங்க கூடப் போய் உட்கார்றதும் தொண்டூழியம்தான்.