வீட்டு மொழியில் தொழுகை கற்பித்த பேரறிஞர் மாப்பிள்ளை லெப்பை ஆலிம்

குழந்தைக்கு ஏழு வயது நிறையும்போது தொழுகைக்கு ஏவுமாறும், பத்து வயதில் அதனைத் தவறவிட்டால் கண்டிக்குமாறும் பெற்றோருக்கு வழிகாட்டியது இஸ்லாம். ஏழுக்கும் பத்துக்கும் இடையே மூன்று ஆண்டுகள் உள்ளன. அவை கற்றுக்கொடுப்பதற்காக வழங்கப்பட்ட தவணை என்றே நாம் கொள்ளுதல் வேண்டும். கற்பிக்காமல் கண்டிப்பது முறையாகாது. அவ்வாறாயின், கற்பிக்க வேண்டிய தாய்க்கும் தந்தைக்கும் அக்கல்வி எங்கிருந்து கிடைக்கும்? தந்தை பொருள் தேடி வெளியூரில் இருக்கும் வீட்டில் பிள்ளையின் தொழுகையைக் கவனிப்பவர் யார்? இவ்வினாக்களுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே தம் எழுதுகோலால் விடை தந்தவர் ஒருவர் உண்டு. இமாமுல் அரூஸ் எனப் போற்றப்பெறும் கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்களே அப்பெருந்தகை ஆவார்.

செய்யிது முகம்மது என்பது அன்னாரின் இயற்பெயர். 1816ஆம் ஆண்டு காயல்பட்டினத்தில் பிறந்தார்கள். இளமையிலேயே கீழக்கரை அவர்களுக்கு வாழ்விடமாயிற்று. வள்ளல் சீதக்காதியும், மார்க்க மேதை சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களும் வாழ்ந்து சிறப்பித்த ஊர் கீழக்கரை என்பதை நாம் அறிவோம். அவ்வூரில் தைக்கா சாகிபு வலி எனப்பட்ட ஷெய்கு அப்துல் காதிர் அவர்களிடம் அன்னார் கல்வி பயின்றார்கள். மாணவரின் அறிவையும் ஒழுக்கத்தையும் கண்டு மகிழ்ந்த ஆசிரியர், தம் மகளையே அவருக்கு மணமுடித்துக் கொடுத்தார்கள். ஆசிரியரின் மருமகனானமையால் ஊரார் அவரை மாப்பிள்ளை லெப்பை என அழைக்கலாயினர். அரூஸ் என்னும் அரபுச் சொல்லும் மணக்கோலம் பூண்டவரையே குறிக்கும். கற்ற கல்வியே உறவாகவும், அவ்வுறவே பெயராகவும் நிலைத்த வரலாறு இது.

1850இல் ஆசிரியர் மறைந்த பின்னர், கற்பிக்கும் பொறுப்பும் ஆன்மீக வழிகாட்டும் பொறுப்பும் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்களின் தோள்மீது அமர்ந்தன. கீழக்கரையில் அரூஸிய்யா மத்ரஸா அன்னாரின் பெயர் விளங்க வளர்ந்தது. தமிழகத்தின் கடற்கரை ஊர்களிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மாணவர்கள் அவர்களை நாடினர். அன்னாரும் பலமுறை இலங்கை சென்று, ஊர் ஊராகத் தங்கி, மக்களுக்கு மார்க்கம் போதித்துப் பள்ளிவாசல்கள் எழத் துணைநின்றார்கள்.

அரபு மொழியில் ஆழ்ந்த புலமை பெற்றிருந்த அன்னார், அரபியில் மட்டுமே எழுதிக் கற்றோர் அவையில் புகழ் பெற்றிருக்கலாம். ஆயினும் அதனோடு அவர்கள் அமையவில்லை. கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய ஊர்களின் வாழ்வை அவர்கள் நன்கறிந்திருந்தார்கள். அவ்வூர்களின் ஆண்கள் வணிகத்தின் பொருட்டு மரக்கலமேறி இலங்கைக்கும் கீழைநாடுகளுக்கும் சென்று, மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் அங்கேயே தங்கினர். வீட்டை நடத்தியவர்கள் பெண்கள். பிள்ளையை வைகறையில் எழுப்பியவளும், உளூச் செய்யத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவளும், அத்தஹிய்யாத்தை மனனம் செய்வித்தவளும் தாயே. அத்தாய்க்கு ஐயம் எழுந்தால் கேட்டுத் தெளிய அருகில் ஆலிம் இல்லை. அரபுச் சட்ட நூல்களை அவள் படித்து விளங்கிக்கொள்ளவும் இயலாது.

ஆனால் அவளிடம் ஒரு செல்வம் இருந்தது. சிறுமியாக ஓதுபள்ளியில் குர்ஆன் ஓதியபோது கற்ற அரபு எழுத்துகளே அச்செல்வம். தமிழ் அவளது தாய்மொழி. அரபு எழுத்து அவள் கண்ணுக்குப் பழகிய எழுத்து. இவ்விரண்டும் சேர்ந்ததே அரபுத் தமிழ் என வழங்கும் எழுத்துமுறை. தமிழ்ச் சொற்களை அரபு எழுத்தால் எழுதுவதும், அரபியில் இல்லாத ட, ண, ப, ள போன்ற ஒலிகளுக்கு ஏற்கெனவே உள்ள எழுத்துகளில் புள்ளியும் குறியும் இட்டுக் கொள்வதும் அதன் முறை. மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்களுக்கு முன்னரே அது வழக்கில் இருந்தது. அதனைப் பெண்களும் பிள்ளைகளும் சட்டம் பயிலும் வாயிலாக விரிவுபடுத்தியதில் அன்னாரின் பங்கு பெரிது.

அவர்கள் அரபுத் தமிழில் இயற்றிய நூல்களுள் பத்ஹுத் தய்யானும், அதன் பொருளை விரித்துரைக்கும் மகானியும் தலைசிறந்தவை. ஈமானின் அடிப்படைகள், தூய்மை, தொழுகை, நோன்பு, ஸகாத்து, ஹஜ்ஜு முதலியவற்றின் சட்டங்களை ஷாஃபிஈ மத்ஹபின்படி அவை எடுத்துரைக்கின்றன. எது ஃபர்ளு, எது சுன்னத்து, எதனால் தொழுகை முறியும் என்பனவற்றையெல்லாம் வீட்டில் இருந்தவாறே அறிந்துகொள்ளும் வாய்ப்பு இந்நூல்களால் உண்டாயிற்று. தமிழகத்துக் கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் இவை தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டு வந்தன. மனனத்துக்கு எளிதான பாடல்களும் அன்னார் இயற்றியுள்ளார்கள்.

இவ்விடத்தில் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. ஷாஃபிஈ சட்ட நூல்கள், பிள்ளைக்குத் தொழுகை கற்பிப்பதைத் தந்தையின் கடமையாக மட்டும் கூறவில்லை. தாய்க்கும் அதில் கடமை உண்டு என்கின்றன. கற்பிக்கும் ஆசிரியருக்குரிய ஊதியத்தைப் பிள்ளைக்குச் சொத்து இருப்பின் அதிலிருந்தும், இல்லையேல் தந்தையும், அவருக்குப் பின் தாயும் ஏற்க வேண்டும் என்றும் வகுத்துள்ளன. கடமையைத் தாயின் மீது சுமத்தியவர்கள், அதனை நிறைவேற்றத் தேவையான அறிவையும் அவள் கையில் கொடுக்க வேண்டாமா? அன்னாரின் அரபுத் தமிழ்ப் பணியை நாம் இந்நோக்கிலேயே காண்கிறோம்.

1898ஆம் ஆண்டு, ஹிஜ்ரி 1316 ரஜப் மாதத்தில், அன்னார் இவ்வுலகைத் துறந்தார்கள். கீழக்கரையிலேயே அடக்கம் செய்யப்பெற்றார்கள். கண்டியில் பிறந்து, 1882இல் முஸ்லிம் நேசன் இதழைத் தொடங்கி, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டுமென வாழ்நாளெல்லாம் உழைத்த அறிஞர் சித்திலெப்பை அவர்கள் மறைந்ததும் அதே 1898இல்தான். ஒருவர் மார்க்கக் கல்வியை வீட்டுக்குள் கொண்டுசென்றார். மற்றவர் வீட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துவந்தார். இருவரும் கையாண்ட கருவி தமிழே.

காலம் மாறியது. 20ஆம் நூற்றாண்டில் பொதுப் பள்ளிகள் பெருகின. தமிழ் எழுத்தைப் படிப்போர் தொகை உயர்ந்தது. இஸ்லாமிய நூல்கள் தமிழ் எழுத்திலேயே அச்சாகத் தொடங்கின. அரபுத் தமிழ் மெல்லமெல்ல வழக்கிழந்தது. பாட்டிக்கு வாயிலாக இருந்த எழுத்து, பேத்திக்குச் சுவராயிற்று. இதில் எவரையும் குறை கூறுவதற்கில்லை. படிப்போரின் கண்ணுக்குப் பழகிய எழுத்தில் எழுத வேண்டும் என்பதே மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் காட்டிய நெறி. இன்று அந்த எழுத்து தமிழ் எழுத்தாக இருக்கிறது, அவ்வளவே.

இனி நம் தருமபுரி மாவட்டத்தை நோக்குவோம். 1965இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான இது, கடலைக் காணாத நிலம். இங்கு வாழும் முஸ்லிம்களுள் பெரும்பாலோர் ஹனஃபி மத்ஹபினர். தமிழ் பேசுவோரும் உருது பேசுவோரும் அருகருகே வாழ்கின்றனர். அஸர் தொழுகையின் தொடக்க நேரம், சுப்ஹுத் தொழுகையில் குனூத்து ஓதுதல் போன்றவற்றில் கீழக்கரைப் பெரியாரின் சட்ட நூல் நமக்கு அப்படியே பொருந்தாது. எனினும் அவர் கண்ட வீட்டை நாமும் காண்கிறோம். அன்று கீழக்கரைத் தந்தை மரக்கலம் ஏறினார். இன்று தருமபுரித் தந்தை பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பேருந்து ஏறுகிறார். வாரக்கணக்கில் வீடு திரும்பாத தந்தையின் இடத்தில் நின்று, பிள்ளையைத் தொழுகைக்கு எழுப்புபவள் இன்றும் தாயே.

மாலை நேர மக்தபில் ஹஸ்ரத் அவர்கள் ஒரு மணிநேரம் கற்பிக்கிறார். பிள்ளை சூறாக்களைத் திருத்தமாக ஓதுகிறது. ஆனால் ருகூஃவில் தான் சொல்வது என்ன, சுஜூதில் தன் நெற்றி தரையில் படிவது எதற்காக என்று கேட்டால் விழிக்கிறது. பொருள் அறியாத செயல், கண்காணிப்பு இருக்கும் வரையில்தான் நிலைக்கும். தேர்வு வரும்போதும் விடுதிக்குச் செல்லும்போதும் முதலில் கைவிடப்படுவது அதுவே. பொருள் அறிந்த பிள்ளைக்கோ தொழுகை தன்னுடையதாகிவிடும். எவரும் பார்க்காத அறையிலும் அப்பிள்ளை முஸல்லாவை விரிக்கும்.

ஆகவே, கடமை மக்தபோடு முடிவதில்லை. ஹஸ்ரத்துக்கு உரிய ஊதியத்தை உரிய காலத்தில் வழங்குவது ஊர்ப் பெரியோரின் கடமை. மக்தபில் கற்றதை வீட்டில் நாள்தோறும் உடனிருந்து தொழுது உறுதிப்படுத்துவது பெற்றோரின் கடமை. தமிழ் பயிலும் மாணவர்களாகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. தொழுகையில் ஓதப்படுவனவற்றின் பொருளை, ஆலிம்களின் துணையோடு, ஏழு வயதுப் பிள்ளைக்கும் அதன் தாய்க்கும் விளங்கும் எளிய தமிழில் எழுதித் தருவதே அது. ஒரு விடுமுறையில் ஒரு மாணவர் தம் தெருப் பிள்ளைகள் ஐவருக்கு இதனைச் செய்தாலும் போதும், அது பெருந்தொடக்கமாகும்.

மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்களின் எழுத்தை இன்று நம்மில் பலரால் படிக்க இயலாது. ஆயினும் அவர்கள் யாருக்காக எழுதினார்களோ, அந்தத் தாயும் அந்தப் பிள்ளையும் நம் தெருவிலேயே இருக்கின்றனர். அவர்களுக்காக எழுதத் தொடங்குவதே அன்னாருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும். அதற்கான ஆற்றலை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக!