மருத்துவப் பணியில் ஒரு மாதரசி: டாக்டர் ஐடா ஸ்கடர்



திருச்செந்தூர் வட்டாரத்துக் கடலோர ஊர்களில் மூத்தவர்களிடம் அமர்ந்து பழங்கதை கேட்டால், அம்மை கண்ட வீடு, வாந்திபேதியில் ஒரே வாரத்தில் இரண்டு மூன்று மையித்து எடுத்த தெரு, பிரசவத்தில் தாயும் பிள்ளையும் ஒன்றாகப் போன குடும்பம் என்று ஏதேனும் ஒன்று அந்தப் பேச்சில் வந்தே தீரும். இன்றோ கிராம சுகாதாரச் செவிலியர் கையில் பதிவேட்டுடன் வீட்டு வாசலுக்கே வந்து, பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா, கர்ப்பிணிக்கு இரும்புச்சத்து மாத்திரை கிடைத்ததா என்று விசாரித்துச் செல்கிறார். நோயாளி மருத்துவமனையைத் தேடி வருவதற்கு முன்னரே மருத்துவம் நோயாளியைத் தேடிச் செல்ல வேண்டும் என்னும் இவ்வெண்ணத்தைத் தமிழ்நாட்டில் செயலில் காட்டிய முன்னோடிகளுள் ஒருவர் டாக்டர் ஐடா சோபியா ஸ்கடர். அவர் மருத்துவராவதற்குக் காரணமான நிகழ்ச்சியில் நம் சமுதாயத்தைச் சேர்ந்த ஒருவருக்கும் பங்குண்டு என்பதால், அவர் வரலாறு நம் மலரில் இடம்பெறுவது பொருத்தமே.

ஐடா 1870 டிசம்பர் 9 அன்று இராணிப்பேட்டையில் பிறந்தார். அமெரிக்க மிஷனரிக் குடும்பம். பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819-இல் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்புக்கு வந்து, பின்னர் சென்னைக்குக் குடிபெயர்ந்த மருத்துவர். தந்தையாரும் மருத்துவரே. தாது வருடப் பஞ்சம் என்று நம் முன்னோர் நடுக்கத்துடன் குறிப்பிட்ட 1876-78 பெரும் பஞ்சத்தின்போது ஐடா சிறுமி. ரொட்டித் துண்டை வாயில் வைத்தாலும் மெல்லத் திராணியற்றுக் கிடந்த குழந்தைகளை அந்த வயதிலேயே கண்டவர். பின்னர் அமெரிக்காவுக்குச் சென்று படித்த காலத்தில், இந்தியாவுக்கு ஒருபோதும் திரும்புவதில்லை என்றே அவர் உறுதி கொண்டிருந்தார். வெயிலும் வறுமையும் நோயும் நிறைந்த நாட்டில் வாழ்நாளைக் கழிக்க அவருக்கு மனமில்லை. குடும்பத்தில் எல்லோரும் சென்ற பாதையாயிற்றே என்ற கட்டாயமே அவருக்கு வெறுப்பாக இருந்தது.

1890-இல் தாயார் நோயுற்றதாகச் செய்தி வரவே, துணைக்கு இருந்துவிட்டுத் திரும்பும் எண்ணத்துடன் திண்டிவனம் வந்தார். அங்கேதான் அந்த இரவு வந்தது.

விளக்கொளியில் அமர்ந்திருந்த ஐடாவைத் தேடி ஓர் இளம் பிராமணர் வந்தார். அவர் மனைவி முதற்பேறு வலியில் துடித்துக்கொண்டிருந்தாள், மருத்துவச்சி கைவிட்டுவிட்டாள். தாம் மருத்துவரல்லர் என்றும், தம் தந்தையாரை உடனே அழைத்து வருவதாகவும் ஐடா கூறினார். அந்நிய ஆடவர் தம் வீட்டுப் பெண்ணைப் பார்ப்பதற்கு இசையாமல் அவர் திரும்பிவிட்டார். சற்று நேரத்தில் மீண்டும் காலடியோசை கேட்டது. இம்முறை வந்தவர் ஒரு முஸ்லிம். அவர் மனைவிக்கும் அதே நிலை. அவருடைய விடையும் அதுவே. மூன்றாவதாக வந்தவர் இன்னொரு இந்துக் குடும்பத்தவர். அவரும் அவ்வாறே சென்றார். ஐடாவுக்கு அன்றிரவு உறக்கமில்லை. பொழுது விடிந்தபோது தெருவில் சாவுப்பறை கேட்டது. பணியாளை அனுப்பி விசாரித்ததில் மூன்று பெண்களுமே இறந்துவிட்டதாகத் தெரிந்தது.

நம் வீட்டு ஜனாஸாவுக்குப் பறை ஏது? கலிமாவை ஓதியபடி சந்தூக்கு அமைதியாகச் சென்றிருக்கும். வரலாற்றை எழுதியோர் அந்தப் பெண்ணின் பெயரைக்கூடக் குறித்து வைக்கவில்லை. அந்தக் கணவரைக் கல்நெஞ்சர் என்று தூற்றுவதற்கு எம் மனம் ஒப்பவில்லை. மனைவியின் உயிருக்காக இருட்டில் ஓடிவந்து அந்நியர் வாசலில் நின்றவர் அவர். உயிர் போகும் நிர்ப்பந்தத்தில் ஆண் மருத்துவரிடம் காட்டுவதை மார்க்கம் தடுக்கவில்லை என்று எடுத்துரைக்க அந்த நள்ளிரவில் அவர் பக்கத்தில் ஓர் ஆலிம் இல்லாமற் போனார். வழக்கமே மார்க்கம் என்று எண்ணி அவர் திரும்பினார். அதே வழக்கம்தான் மற்ற இரு வீடுகளையும் கட்டிப் போட்டிருந்தது.

மூன்று உயிர்களும் தம் வாசல்வரை வந்து திரும்பியதாகவே ஐடா உணர்ந்தார். மருத்துவம் கற்று இந்நாட்டுப் பெண்களுக்காகவே திரும்பி வருவதென அன்று காலை தந்தையாரிடமும் தாயாரிடமும் தெரிவித்தார். பிலடெல்பியாவிலுள்ள பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, பின்னர் நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களுக்கு இடமளித்தபோது அங்கு மாறி, 1899-இல் பட்டம் பெற்றார். வேலூரில் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை கட்டுவதற்காக நியூயார்க் வங்கியாளர் ராபர்ட் ஷெல் என்பவர் தம் மறைந்த மனைவி மேரி டேபரின் நினைவாக 10,000 டாலர் வழங்கினார்.

1900-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வேலூர் வந்து சேர்ந்தார் ஐடா. நம் ஆலிம்களில் பலர் ஓதிய பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அமைந்துள்ள அதே வேலூர்தான். தந்தையாரிடம் சில ஆண்டுகள் தொழில் பழகலாம் என்பது அவர் எண்ணம். தந்தையாரோ சில மாதங்களிலேயே காலமானார். இளம் பெண் ஒருத்தியை நம்பி வைத்தியத்துக்கு வர மக்கள் தொடக்கத்தில் தயங்கினர். வீட்டிலேயே ஒரு கட்டில் போட்டு, பயிற்சி பெற்ற செவிலியர் எவரும் அருகில் இல்லாத நிலையில் பணியைத் தொடங்கினார். ஒருவர் குணமடைந்ததைக் கேட்டு மற்றொருவர் வந்தார். இரண்டே ஆண்டுகளில் ஐயாயிரம் நோயாளிகளைப் பார்த்திருந்தார். 1902-இல் 40 படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது.

அக்காலத்துத் தொற்றுநோய்களின் கொடுமையை இன்றைய தலைமுறை உணர்வது கடினம். 1896-இல் பம்பாயில் தோன்றிய பிளேக் நோய் ஆண்டுக்கணக்கில் நாடெங்கும் பரவிக்கொண்டிருந்தது. வீட்டில் எலி செத்து விழுந்தால் மனிதருக்கும் ஆபத்து நெருங்கிவிட்டது என்பது பொருள். செத்த எலியை விட்டு நீங்கும் தெள்ளுப்பூச்சி மனிதரைக் கடிப்பதால் அந்நோய் தொற்றுகிறது. ஹாஃப்கின் என்னும் அறிஞர் 1897-இல் பம்பாயில் பிளேக் தடுப்பூசியை உருவாக்கி முதலில் தம் உடலிலேயே குத்திக்கொண்டார் என்றாலும், ஊசிக்கு அஞ்சி மக்கள் ஓடி ஒளிந்தனர். வீட்டுக்குள் புகுந்து சோதனையிடும் அதிகாரிகளைக் கண்டும் அஞ்சினர். அதிலும் கோஷா முறை கடைப்பிடித்த குடும்பங்களில் அந்த அச்சம் இரு மடங்கு. சட்டமும் காவலரும் நுழைய இயலாத அந்த அறைகளுக்குள் ஒரு பெண்ணால் நுழைய முடிந்தது. நோயைவிட நோய் பற்றிய அச்சத்தை முதலில் நீக்க வேண்டும் என்பதை ஐடா அங்கேதான் கற்றிருக்க வேண்டும். வாந்திபேதியும் அப்படித்தான். அதன் கிருமியை 1884-இல் கல்கத்தாவில் ராபர்ட் கோக் கண்டறிந்துவிட்டார். அது குடிநீர் வழியே பரவுவது மருத்துவ உலகுக்குத் தெரியும். ஊர்க் கிணற்றில் நீரெடுக்கும் பெண்ணுக்குத் தெரியாது. அவளுக்கு அதை யார் சொல்வது என்பதே கேள்வி. ஒரு லிட்டர் கொதிக்கவைத்து ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கலந்து கொடுத்தால் வயிற்றுப்போக்கில் நீர் வற்றிச் சாகும் பிள்ளையைக் காக்கலாம் என்பது இன்று நம் தாய்மார்கள் அறிந்த ஒன்று. அந்த எளிய முறை மருத்துவ உலகுக்குத் தெளிவானதோ ஐடா மறைந்த பிறகுதான்.

மருத்துவமனையில் இருந்தபடியே ஊரைக் காப்பாற்ற இயலாது என்று கண்டு, 1906 முதல் ஐடா சாலையோர மருத்துவத்தைத் தொடங்கினார். வேலூரிலிருந்து குடியாத்தம் செல்லும் சாலையில் குறித்த கிழமையில் மருந்துப் பெட்டியுடன் புறப்படுவார். இன்ன மரத்தடியில் நிற்பார் என்று அறிந்து, சுற்றுப்பட்டுக் கிராமத்தார் விடியற்காலை முதலே காத்திருப்பர். முதலில் மாட்டு வண்டி. பின்னர் 1909-இல் ஒரு சிறிய பியூஜோ மோட்டார் வண்டி வந்தது. குதிரையும் மாடும் இன்றித் தானே ஓடிவரும் அதைப் பேயென்று எண்ணி மக்கள் வயலுக்குள் ஓடினர் என்பர். அவர்களே சில வாரங்களில் அதன் ஓசைக்காகக் காது கொடுத்து நிற்கலாயினர். புண் கழுவிக் கட்டுதல், கண்ணோய்க்கு மருந்திடல், பல் பிடுங்கல், கைக்குழந்தையைப் பேணும் முறையைத் தாய்க்குச் சொல்லித் தருதல் என மரத்தடியிலேயே எல்லாம் நடந்தன. ஊரார் அருகில் வர அஞ்சிய தொழுநோயாளிகளும் அந்த வரிசையில் நின்றனர். சமுதாயச் சுகாதாரச் செவிலியம் என்று இன்று பாடநூல்கள் கூறுவது ஏறத்தாழ இதுதான்.

இப்பணியில் மருத்துவரைவிடச் செவிலியரே மிகுதியாகத் தேவைப்பட்டனர். மருத்துவர் நோயைக் கண்டு மருந்து எழுதிவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவார். கட்டை மாற்றுவதும், காய்ச்சலைக் குறிப்பதும், வீட்டாரைத் தேற்றுவதும் செவிலியர் கடமை. 1909-இல் டெலியா ஹூட்டன் என்னும் அமெரிக்கச் செவிலியரின் துணையுடன் வேலூரில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. பெண்களைச் சேர்ப்பது எளிதாக இருக்கவில்லை. பிறர் உடலைத் தொட்டுக் கழுவுவது இழிந்த வேலை என்றும், இரவில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு நல்ல இடத்தில் மணம் அமையாது என்றும் எல்லாச் சாதியாரும் மதத்தாரும் எண்ணிய காலம் அது. (அந்த எண்ணம் நம்மிடையே முற்றிலும் அகன்றுவிட்டதா என்பதை அவரவர் இல்லத்தில் கேட்டுப் பார்க்கட்டும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் மதீனாப் பள்ளிவாசலருகே கூடாரமிட்டுக் காயம்பட்டோருக்குப் பணிவிடை செய்த ருஃபைதா (ரலி) அவர்களை மேடைதோறும் போற்றும் நாம், நம் மகளைச் செவிலியர் படிப்புக்கு அனுப்பத் தயங்குவது வியப்பே.)

அடுத்ததாகப் பெண்களுக்கென ஒரு மருத்துவப் பள்ளி வேண்டுமென அவர் அரசிடம் அனுமதி கேட்டபோது, விண்ணப்பிக்க விரல்விட்டு எண்ணத்தக்கவரே வருவர் என்று அதிகாரிகள் நகைத்தனர். 1918-இல் பள்ளி தொடங்கியபோது வந்த விண்ணப்பங்கள் 151. சில நூல்கள், ஓர் எலும்புக்கூடு, ஒரு நுண்ணோக்கி இவற்றை வைத்துக்கொண்டு பாடம் நடந்தது. முதல் வகுப்பிலிருந்து 1922-இல் தேர்வெழுதிய 14 பெண்களும் தேறினர். ஆடவர் பலர் தவறிய தேர்வு அது. சிரித்தவர்களுக்கு அதன்பின் சிரிக்கக் காரணமில்லை.

ஆயினும் மிகப் பெரிய சோதனை முதுமையில் வந்தது. 1930-களின் இறுதியில், பட்டயப் படிப்பு இனிப் போதாது, பல்கலைக்கழகத்துடன் இணைந்த பட்டப் படிப்பே வேண்டும் என்று சென்னை மாகாண அரசு முடிவு செய்தது. அதற்கேற்ற கட்டடமும் படுக்கைகளும் பேராசிரியர்களும் இல்லையெனில் பள்ளியை மூடவேண்டியதுதான். எழுபது வயதைக் கடந்த நிலையில், உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, ஐடா அமெரிக்காவுக்குச் சென்று ஊர் ஊராக நிதி திரட்டினார். ஆண்களையும் சேர்த்துப் பொதுக் கல்லூரியாக்கினால்தான் போதிய ஆதரவு கிட்டும் என்ற நிலை ஏற்பட்டபோது, பெண்களுக்கென்றே கொடுத்த நன்கொடையை வேறு வழியில் திருப்புவதா என்று அவருடைய நீண்டகாலத் தோழியும் பெருந்துணையாளருமான லூசி பீபாடி கடுமையாக எதிர்த்தார். இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. திண்டிவனத்து மூன்று பெண்களுக்காகத் தொடங்கியதை எப்படி மாற்றுவது என்று ஐடாவே தடுமாறினார். இறுதியில், மூடப்பட்ட பெண்கள் கல்லூரியால் எந்தப் பெண்ணுக்கும் பயனில்லை என்று தெளிந்து இசைந்தார். 1942-இல் பட்டப் படிப்பு தொடங்கியது; 1947-இல் ஆண் மாணவர்கள் சேர்ந்தனர். 1946-இல் செவிலியப் பள்ளி கல்லூரியாக உயர்ந்து, இந்தியாவில் செவிலியத்தில் பட்டப் படிப்பை முதலில் தொடங்கிய நிறுவனங்களுள் ஒன்றாயிற்று.

அவர் ஓய்வு பெற்றபின் நிகழ்ந்தவை சிலவற்றை மட்டும் குறிப்பிடுகிறோம். 1948-இல் டாக்டர் பால் பிராண்ட் அங்கே தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தி, தீண்டத்தகாதோர் எனத் தள்ளப்பட்டோரை மீண்டும் உழைத்து உண்ணச் செய்தார். 1986-இல் சென்னையில் எடுக்கப்பட்ட இரத்த மாதிரிகள் வேலூர் ஆய்வகத்தில்தான் சோதிக்கப்பட்டு, எய்ட்ஸ் கிருமி இந்தியாவில் இருப்பது முதன்முதலாக உறுதியானது. அதன் செவிலியக் கல்லூரி மாணவியர் கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் வீடு வீடாகச் செல்வதும் தொடர்ந்து வருகிறது.

ஐடா திருமணம் செய்துகொள்ளவில்லை. கோடை வெயிலைத் தாங்காத முதுமையில் கொடைக்கானலில் தங்குவது அவர் வழக்கம். அமெரிக்காவிலிருந்து டாக்டர் ஐடா, இந்தியா என்று மட்டும் முகவரி எழுதி அனுப்பிய கடிதம் தவறாமல் அவர் கைக்கு வந்து சேர்ந்ததாகக் கூறுவர். 1960 மே 24 அன்று கொடைக்கானல் இல்லத்தில், 89 வயதில் அவர் உயிர் பிரிந்தது. செய்தி எட்டியதும் வேலூர்க் கடைவீதியில் கதவுகள் அடைக்கப்பட்டன. அவரை நினைத்து அழுதவர்களில் அவர் கையால் பிறந்த பிள்ளைகளும், அப்பிள்ளைகளின் பிள்ளைகளும் இருந்தனர். கோஷாவுக்குள்ளிருந்து வெளிவராத பாட்டிமாரும் இருந்திருப்பர்.